கடல் கடந்து ஆங்கிலம் கற்பிக்கப் போகுமுன்



சென்ற பள்ளி விடுமுறையின்போது மூத்த ஆசிரியர் ஒருவர் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். நாம் பயிற்சிக் கல்லூரியை முடித்துத் தோட்டப் பள்ளிக்கு முதன் முதலாக வந்தபோது, கரும்பலகையில் எழுதுவது எப்படி என்பதைக்கூடக் கை பிடித்துக் காட்டிக் கொடுத்தவர் அவர். பின்னாளில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார். "தம்பி, என் மகளுக்குத் தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க ஒரு வேலை வந்திருக்கிறது. ஒப்பந்தத் தாளை அனுப்புகிறேன். கையெழுத்துப் போடலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

அதே வாரம் நம் தோட்டத்துப் பழைய மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். அவனுக்கும் கொரியாவில்தான் வேலை. அதுவும் ஆங்கிலம் கற்பிக்கும் வேலைதான். ஆனால் அவன் கையில் ஒப்பந்தம் இல்லை. ஒரு முகவரின் கைப்பேசிச் செய்தியும், முன்பணம் கட்டிய ரசீதும் மட்டுமே இருந்தன.

இந்த இருவருக்காகவும் நாம் தேடிப் படித்ததையும், அங்கே வேலை செய்தவர்களிடம் கேட்டறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இன்றைய பேச்சின் நோக்கம். வெளிநாட்டில் ஆசிரியர் வேலை என்றவுடன் பெற்றோர் மனம் குளிர்ந்துவிடுகிறது. குளிரட்டும். ஆனால் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன.

முதலில், அந்தக் கல்விக்கூடம் எத்தகையது என்பதைப் பார்ப்போம்.

தென் கொரியாவில் தனியார் நடத்தும் துணைக் கல்விக்கூடங்களை 'ஹாக்வொன்' என்பார்கள். நம் ஊர் டியூஷன் நிலையத்தைப் பெரிதாக்கி, மாடி மேல் மாடியாக அடுக்கி, விளக்குப் பலகை மாட்டி வைத்தால் எப்படி இருக்குமோ, ஏறத்தாழ அப்படி இருக்கும். தலைநகர் சியோலில் தேச்சி-தொங் என்னும் வட்டாரம் இத்தகைய கூடங்களுக்கே பெயர் போனது. பள்ளி விட்ட பிள்ளைகள் அங்கிருந்து நேராக ஹாக்வொனுக்குப் போகிறார்கள். இரவில் நெடுநேரம் படிப்பதைத் தடுக்க, சியோலில் இரவு 10 மணிக்கு மேல் வகுப்பு நடத்தக் கூடாது என்று விதியே செய்ய வேண்டியதாயிற்று. அவ்விதி செல்லும் என்று அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

ஏன் இத்தனை வேகம்? பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுதான் காரணம். அந்தத் தேர்வில் ஆங்கிலம் கேட்டறியும் பகுதி நடக்கும் அரைமணி நேரத்துக்கு விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்தி வைக்கிறார்கள் என்றால், அந்நாட்டு மக்கள் அதை எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். 1980இல் அங்கிருந்த இராணுவ ஆட்சி தனியார் துணைப் பாடங்களையே தடை செய்து பார்த்தது. தடை நிலைக்கவில்லை, படிப்படியாகத் தளர்ந்து, 2000ஆம் ஆண்டில் அரசியலமைப்பு நீதிமன்றத்தால் தள்ளப்பட்டது. 1997இல் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாயப் பாடமானது. 2024ஆம் ஆண்டில் கொரியப் பெற்றோர் தனியார் துணைக் கல்விக்குச் செலவிட்ட தொகை, அந்நாட்டு அரசின் கணக்கின்படி, 29 லட்சம் கோடி வோனுக்கும் மேல்.

ஆகவே ஹாக்வொன் என்பது பள்ளியும் கடையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம். இதில் தவறு ஒன்றுமில்லை. நல்ல முறையில் நடத்தி, நேரத்தில் சம்பளம் கொடுத்து, ஆசிரியரை மதிக்கும் ஹாக்வொன்கள் நிறைய உண்டு. ஆனால் கடைக்கு வாடிக்கையாளர் குறைந்தால் கடைக்காரர் எங்கே செலவைக் குறைப்பார்? பெரும்பாலும் ஆசிரியரிடத்தில்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

அடுத்து, அந்த வேலைக்கு யார் போகலாம்?

இது மிக முக்கியமானது. நம் மாணவன் இங்கேதான் சறுக்கினான். ஹாக்வொனில் ஆங்கிலம் கற்பிக்க வெளிநாட்டவர்க்குத் தரப்படும் விசாவுக்கு 'இ-2' என்று பெயர். ஆங்கிலம் கற்பிக்க அந்த விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத் தரப்படுகிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகியவையே அந்த ஏழு. இளங்கலைப் பட்டமும் குற்றப் பதிவு இல்லை என்னும் சான்றும் உரிய முறையில் உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். கொரியா சென்றபின் உடல்நலச் சோதனையும் உண்டு. இந்தியாவுக்கும் தென் கொரியாவுக்கும் இடையே 2010இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார உடன்பாட்டின்படி, ஆசிரியத் தகுதி பெற்ற இந்தியக் குடிமக்கள் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியராக வரலாம் என்று ஒரு தனி வழி வைக்கப்பட்டது. ஆனால் ஹாக்வொனுக்கு அது பொருந்தாது.

அந்த ஏழு நாடுகளில் மலேசியாவும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. நம் பிள்ளைகளின் ஆங்கிலம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் விதி அதுதான். அது நியாயமா என்பது வேறு பேச்சு. திருமணத்தாலோ நிரந்தர வசிப்புரிமையாலோ அங்கே வாழும் உரிமை பெற்றவர்களின் நிலை வேறு. மற்றபடி, மலேசியக் கடப்பிதழ் வைத்திருக்கும் ஓர் இளைஞரிடம் ஒருவர் வந்து, "கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கலாம், முதலில் சுற்றுப்பயணியாக வந்துவிடு, பிறகு விசாவை மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். மலேசியர் 90 நாள் வரை விசா இன்றிக் கொரியாவில் பார்வையாளராக இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் பார்வையாளராகப் போனவர் வகுப்பில் நின்று கற்பித்தால் சட்டத்தை மீறியவர் ஆகிறார். பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும் அவருக்குத்தான். சம்பளம் கொடுக்காமல் விட்டாலும் வாய் திறந்து கேட்க அவருக்குத் துணிவு வராது. முகவர்கள் நம்பி இருப்பது அந்த அச்சத்தைத்தான்.

நம் மாணவன் கட்டிய முன்பணம், அவன் அம்மா சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தது. அதைத் திருப்பிக் கேட்டபோது முகவரின் தொலைபேசி அடங்கிவிட்டது. பணம் போனது போனதுதான். ஆனால் அவன் போகவில்லை. அந்த அளவில் அந்தத் தாய் கொடுத்து வைத்தவர் என்றே சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டு முதல், நல்ல வேலை என்று நம்பிப் போன மலேசிய இளைஞர்கள் கம்போடியாவிலும் மியான்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, பிறகு மீட்கப்பட்ட செய்திகளை நாம் எத்தனை முறை கேட்டுவிட்டோம்!

நேயர்களே, இனி ஒப்பந்தத்துக்கு வருவோம்.

மூத்த ஆசிரியரின் மகள் ஆஸ்திரேலியக் குடிமகள். விசா விதி அவளுக்குத் தடையில்லை. ஒப்பந்தமும் முறையாக அச்சிட்டிருந்தது. அதைப் படித்தபோது நமக்கு நம் தோட்டத்தின் பழைய நாட்கள்தாம் நினைவுக்கு வந்தன.

தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. வேலை போனால் லயன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். வீட்டை விட்டால் பிள்ளையின் பள்ளியையும் விட வேண்டும். அதனால் சம்பளத்தில் குறை இருந்தாலும், கிராணி கணக்கில் பிசகு இருந்தாலும், பலர் வாய் மூடி இருந்தார்கள். ஹாக்வொன் ஆசிரியரின் நிலையிலும் இதன் சாயல் உண்டு. வேலை, வீடு, விசா ஆகிய மூன்றையும் ஒரே முதலாளி ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார். 'இ-2' விசா அந்த ஒரு கல்விக்கூடத்தின் பெயரில்தான் வருகிறது. வேறு இடத்தில் வேலை செய்ய முடியாது. மாலையில் ஒரு வீட்டில் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தாலும் குற்றம். ஒப்பந்தக் காலத்தின் நடுவில் வேறு ஹாக்வொனுக்கு மாற வேண்டுமென்றால் பழைய முதலாளியின் விடுப்புக் கடிதம் தேவைப்படும். ஆகவே போகுமுன் நாம் தேர்ந்தெடுப்பது ஒரு வேலையை மட்டுமன்று. ஓராண்டு முழுவதும் நம் இருப்பையே கையில் வைத்திருக்கப் போகும் ஒரு மனிதரைத் தேர்ந்தெடுக்கிறோம்.

அந்த மனிதரை எப்படி எடை போடுவது?

முதற்கேள்வி: அந்தக் கல்விக்கூடம் உண்மையில் இருக்கிறதா, யாருடையது? கொரியாவில் ஒவ்வொரு ஹாக்வொனும் அந்தந்த வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுப் பெயர், முகவரி, உரிமையாளர் பெயர் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் உள்ள பெயரும், விசாத் தாளில் உள்ள பெயரும், கட்டடத்துப் பலகையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பலர் ஏமாறுவது பெரிய நிறுவனத்தின் பெயரைக் கண்டுதான். ஒரே பெயரில் நூறு கிளைகள் இருக்கும். ஆனால் பெயரை மட்டும் வாடகைக்கு வாங்கிக் கிளை நடத்துபவர் தனி முதலாளியாக இருப்பார். சம்பளம் தருபவர் அவரே. பெயர் பெரியது என்பதால் பணப்பை பெரியது என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு கிளைகளில் வகுப்பெடுக்க வேண்டும் என்று சொன்னால், இரண்டு இடமும் குடிநுழைவுத் துறையில் பதிவாகுமா என்று கேளுங்கள். பதிவு செய்யாத இடத்தில் கற்பித்தால் பழி ஆசிரியர் தலையிலும் விழும்.

இரண்டாவது கேள்வி: எத்தனை ஆண்டுகளாக நடக்கிறது, எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள்? இதற்கு ஒரு காரணம் உண்டு. கொரியாவில் பிள்ளைப்பேறு மிகவும் குறைந்துவிட்டது. 2023ஆம் ஆண்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை என்ற அளவுக்கு இறங்கியது. பிள்ளைகள் குறைய வகுப்புகளும் குறையும். நம் தோட்டப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை தேய்வதைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளி மூடினால் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். தனியார் கூடம் மூடினால் மாற்றுவார் யார்? அண்மையில் உரிமையாளர் மாறியிருக்கிறாரா, முந்தியவர் காலத்துச் சம்பள பாக்கி இருக்கிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது கேள்வி: இந்த இடம் ஏன் காலியானது? முன்பிருந்த ஆசிரியர் ஒப்பந்தம் முடித்துப் போனாரா, நடுவிலேயே போனாரா? இதை உரிமையாளரிடம் கேட்டால் நல்ல விடைதான் கிடைக்கும். ஆகவே இப்போது அங்கே வேலை செய்யும் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரோடும், முடிந்தால் விலகிப் போன ஒருவரோடும், உரிமையாளர் அருகில் இல்லாதபோது பேச வேண்டும். "பிடித்திருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. "சென்ற மூன்று மாதமும் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது? நோய் வந்தபோது விடுப்புக் கொடுத்தார்களா? ஓராண்டை முடித்தவர் எத்தனை பேர்?" என்று கேட்க வேண்டும். ஒருவர் குறை சொன்னால் அது அவருடைய மனத்தாங்கலாக இருக்கலாம். மூன்று பேர் தனித்தனியாக ஒரே குறையைச் சொன்னால் அதை நம்பலாம். பேசவே இடம் தராத கூடமாக இருந்தால், அதையே ஒரு விடையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது கேள்வி வேலை நேரத்தைப் பற்றியது. அந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தில் 'வாரம் 30 மணி நேரம் கற்பித்தல்' என்று இருந்தது. பார்க்க எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் அங்கே ஒரு வகுப்பு 40 நிமிடம். 30 மணி நேரம் என்பது கடிகார மணியானால், வாரத்துக்கு 45 வகுப்பு. நாளுக்கு 9 வகுப்பு! '30 வகுப்பு' என்று பொருளானால் நாளுக்கு 6 வகுப்புதான். ஒரு சொல்லின் பொருளில் நாளொன்றுக்கு மூன்று வகுப்பு கூடிவிடுகிறது. நாளுக்கு ஒன்பது முறை புதிய வகுப்பின் முன் நின்று குரல் கொடுப்பது என்னவென்று ஆசிரியர்களுக்குத் தெரியும். பாடத் தயாரிப்பு, திருத்தும் வேலை, பெற்றோருக்குத் தொலைபேசி, மாதாந்தர அறிக்கை ஆகியவை இந்த நேரத்துக்கு உள்ளே அடங்குமா, வெளியேயா? சனிக்கிழமை உண்டா? எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போக வேண்டும்? பள்ளி மாணவர்க்கான கூடமென்றால் வேலை பிற்பகலில் தொடங்கி இரவில் முடியும். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான ஆங்கிலக் கூடமென்றால் காலையிலேயே தொடங்கும். காலையும் இரவும் சேர்த்து நடுவில் மூன்று மணி நேரம் சும்மா விடும் அட்டவணையும் உண்டு. அதை எச்சரிக்கையோடு பாருங்கள்.

ஐந்தாவது சம்பளம். தொகையை மட்டும் பார்க்காதீர்கள், பிடித்தங்களையும் பாருங்கள். கொரியச் சட்டப்படி தொழிலாளியாகப் பதிவானவருக்குத் தேசிய ஓய்வூதியத்திலும் உடல்நலக் காப்புறுதியிலும் முதலாளி பாதி கட்ட வேண்டும். நம் ஊழியர் சேம நிதி, சொக்சோ போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாட்டவர் ஊர் திரும்பும்போது ஓய்வூதியப் பணத்தை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். இந்தச் செலவைத் தவிர்க்கச் சில முதலாளிகள் ஆசிரியரைத் தொழிலாளி என்று பதிவு செய்யாமல், தன் கணக்கில் வேலை செய்யும் ஒப்பந்தக்காரர் என்று காட்டி, 3.3 விழுக்காடு வரியை மட்டும் பிடிக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, மாதச் சம்பளம் 24 லட்சம் வோன் என்றால் பிடித்தம் 79,200 வோன்தான். கைக்கு வரும் பணம் கூடுதலாகத் தெரியும். ஆனால் ஓய்வூதியம் போகிறது, முதலாளி தர வேண்டிய காப்புறுதிப் பங்கு போகிறது, பணிமுடிவுத் தொகையைக் கேட்கும்போது "நீ எங்கள் தொழிலாளியே இல்லையே" என்ற விடையும் வருகிறது. பெயர் எதுவானாலும் வேலையின் தன்மையைத்தான் நீதிமன்றம் பார்க்கும் என்று அங்கே தீர்ப்புகள் வந்திருக்கின்றன. ஆயினும் அந்நிய நாட்டில் வழக்காடித்தான் நம் கூலியைப் பெற வேண்டுமா?

பணிமுடிவுத் தொகை என்றோம். ஓராண்டு முழுமையாக வேலை செய்தவருக்குக் குறைந்தது 30 நாள் சராசரிச் சம்பளம் விலகும்போது தரப்பட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். விலகிய 14 நாளுக்குள் கணக்கைத் தீர்க்க வேண்டும். 2010 டிசம்பர் முதல் ஐந்து பேருக்கும் குறைவானவர் வேலை செய்யும் சிறிய இடங்களுக்கும் அது விரிந்தது. ஒரு நாள் குறைந்தாலும் ஓராண்டு ஆகாது. அதனால்தான் பதினோராம் மாதத்தில் திடீரென்று குறை கண்டுபிடித்து அனுப்பிவிடும் கூடங்கள் உண்டென்று பேசப்படுகிறது. ஓராண்டை முடித்தவர் எத்தனை பேர் என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான். ஐந்து பேருக்கும் குறைவான இடங்களில் கூடுதல் நேரத்துக்கான மிகைச் சம்பளமும், காரணமில்லாமல் நீக்கப்பட்டால் முறையிடும் வழியும் சட்டத்தில் குறைவு. ஆகவே ஆசிரியர் எத்தனை பேர் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

ஆறாவது வீடு. பெரும்பாலும் ஒற்றை அறை வீடு தருவார்கள், அல்லது வாடகைப் பணம் தருவார்கள். தனி வீடா, பங்கு வீடா? மின்சாரம், எரிவாயு, கட்டடப் பராமரிப்புக் கட்டணம் யார் கட்டுவது? அங்கே குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் செலவு நம் ஊரில் பழகியவர் எண்ணிப் பாராதது. முதல் மாதச் சம்பளத்தில் வீட்டுக்கென்று பிணைத் தொகை பிடிப்பார்களா, அதை எப்போது திருப்பித் தருவார்கள்? இதற்கெல்லாம் "வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காமல், எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏழாவது, விலகும் வழி. ஒரு வீட்டுக்குள் நுழையும்போதே வெளியேறும் கதவு எங்கே என்று பார்த்து வைப்பது கோழைத்தனமன்று. இரு தரப்பும் எத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும்? மூன்று மாதம் வேலை செய்தவரை நீக்க முதலாளி 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், இல்லையேல் அதற்கீடான சம்பளம் தர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். "ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தண்டம்" என்று முன்கூட்டியே தொகை குறித்து வைப்பதை அந்நாட்டுத் தொழிலாளர் சட்டம் தடுக்கிறது. வேலையைக் காட்டிக் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வதையும் குடிநுழைவுச் சட்டம் தடுக்கிறது. இந்த இரண்டில் ஒன்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், எழுதியவருக்குச் சட்டம் தெரியவில்லை அல்லது சட்டத்தை மதிக்கவில்லை என்று பொருள். ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் கொரிய மொழியிலும் இருக்கும். முரண் வந்தால் எந்த மொழி செல்லும் என்பதைப் படித்துப் பாருங்கள். கொரிய மொழிதான் என்றால், அந்த மொழி தெரிந்த வேறொருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எட்டாவது, நாம் ஆசிரியர்கள் என்பதால் கேட்க வேண்டியது. அங்கே உண்மையில் கல்வி நடக்கிறதா? எந்தப் பாடநூல்? ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? தரம் பார்த்துப் பிரிக்கிறார்களா, கட்டணம் பார்த்துச் சேர்க்கிறார்களா? புதிய ஆசிரியருக்குப் பயிற்சி எத்தனை நாள், அதற்குச் சம்பளம் உண்டா? விமானத்தை விட்டு இறங்கிய மறுநாளே வகுப்பில் தள்ளிவிடும் இடமும் உண்டு. பிள்ளை அடங்காவிட்டால் என்ன செய்யச் சொல்கிறார்கள்? எல்லாப் பிள்ளைக்கும் 'மிக நன்று' என்றே எழுதச் சொல்கிறார்களா? பாடத்தைப் பற்றிக் கேட்கும்போது முகம் மலர்ந்து பேசும் உரிமையாளர் ஒருவகை. பேச்சைக் கட்டணத்துக்கே திருப்பும் உரிமையாளர் வேறுவகை. நேர்காணலின்போது நாமும் அவர்களை நேர்காண வேண்டும்.

முகவர்களைப் பற்றியும் ஒரு சொல். ஹாக்வொனுக்கு ஆள் தேடித் தரும் முகவருக்கு வழக்கமாகப் பணம் தருவது ஹாக்வொன்தான். ஆகவே ஆசிரியரிடம் பணம் கேட்கும் முகவரைக் கண்டு ஐயுற வேண்டும். "இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்" என்பவரை இன்னும் அதிகமாக ஐயுற வேண்டும். நம் நாட்டில் வேலைவாய்ப்பு முகவர்கள் 1981ஆம் ஆண்டின் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டுத் தொழிலாளர் துறையில் சரிபார்க்கலாம். நம் முன்னோரில் பலர் கங்காணியின் சொல்லை மட்டுமே நம்பிக் கப்பலேறினார்கள். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சரிபார்க்க வழியும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கின்றன.

தனியார் கூடம் வேண்டாம் என்பவர்க்கு அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் திட்டம் ஒன்று 1995 முதல் கொரியாவில் நடந்து வருகிறது. அதற்கும் நாட்டு விதி உண்டு. மலேசியப் பட்டதாரிகள் பலர் தாய்லாந்தை நோக்குகிறார்கள். அங்கேயும் உரிய வேலை விசாவும் வேலை பெர்மிட்டும் வேண்டும்; முறையான பள்ளியில் கற்பிக்க, அந்நாட்டு ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக அனுமதியோ வேண்டும். நாடு மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. முதலில் உங்கள் கடப்பிதழுக்கு அந்த விசா உண்டா என்று அந்நாட்டுத் தூதரகத்தில் கேளுங்கள். மற்றவை பிறகு.

எல்லாம் பார்த்துப் போனபின்னும் தொல்லை வரலாம். வந்தால் என்ன செய்வது? ஒப்பந்தத்தின் படி ஒன்றை வீட்டில் பெற்றோரிடம் வைத்துவிட்டுப் போங்கள். சம்பளச் சீட்டு, வேலை அட்டவணை, அனுப்பிய செய்திகள் அனைத்தையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். கொரியாவில் தொழிலாளர் அமைச்சின் ஆலோசனை எண் 1350. குடிநுழைவு பற்றிய உதவி எண் 1345. சம்பளம் வராவிட்டால் அங்கே முறையிடலாம். கோபத்தில் இரவோடிரவாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால், நியாயம் நம் பக்கம் இருந்தாலும் நிரூபிக்க ஆள் இருக்காது. ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் இரண்டு மாதச் சாப்பாட்டுக்குமான பணத்தைத் தொடாமல் தனியே வைத்திருக்க வேண்டும். வேலை, வீடு, விசா மூன்றும் முதலாளி கையில் இருக்கும்போது, நம் கையில் இருக்கும் ஒரே சுதந்திரம் அந்தப் பணம்தான்.

சரி, அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். நாம் எழுதிக் கொடுத்த கேள்விகளை அவள் அந்தக் கூடத்துக்கு அனுப்பினாள். வகுப்பு நேரத்தைப் பற்றி விடை வந்தது. அது ஒன்பது வகுப்புதான். வீட்டைப் பற்றியும் விடை வந்தது. இப்போதுள்ள ஆசிரியரோடு பேச வேண்டும் என்பதற்கு மட்டும், "அவர் வகுப்பில் இருக்கிறார்" என்ற விடை மூன்று முறை வந்தது. அவள் கையெழுத்துப் போடவில்லை. அந்தக் கூடம் நல்லதா கெட்டதா என்பது நமக்கு இன்றுவரை தெரியாது; ஒருவேளை நாம் ஒரு நல்ல இடத்தைத் தவறாக எண்ணியும் இருக்கலாம். இரண்டு மாதம் கழித்து, சற்றுக் குறைந்த சம்பளத்தில், சிறிய நகரம் ஒன்றிலுள்ள வேறொரு கூடத்தைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே வேலை செய்த ஆசிரியை அவளோடு ஒரு மணி நேரம் பேசினாராம்; குறைகளையும் மறைக்காமல் சொன்னாராம். "குறை சொன்னதால்தான் மாமா நம்பினேன்" என்று அவள் நம்மிடம் சொன்னாள்.

நம் மாணவன் இப்போது பக்கத்து நகரத்து டியூஷன் நிலையத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறான். மாதந்தோறும் அம்மாவின் சங்கிலிக்கு வட்டி கட்டி வருகிறான். அடுத்த ஆண்டு அதை மீட்டுவிடுவேன் என்கிறான். வெளிநாட்டு ஆசை அவனை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம். சென்ற வாரம் அவன் வேறொரு நாட்டு வேலையின் விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினான். இந்த முறை அவன் கேட்ட முதற்கேள்வி, "சார், இதற்கு என் கடப்பிதழில் விசா கிடைக்குமா?" என்பது.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டலாம். மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து, வரி வரியாக அவரோடு சேர்ந்து படியுங்கள். ஆழம் பார்த்துக் காலை வைக்கட்டும்.